ஒரே கடைக்கு இரண்டு பேரேடு

அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது கடை ஒருவருக்கு, கிட்டங்கி ஒருவருக்கு என்று எழுதிக்கொள்வது நம் பஜார்களில் புதிய செய்தியல்ல. பிரித்த மறுவாரமே வழக்கும் தொடங்கிவிடும். கடையில் இருப்பவருக்குச் சரக்கு வேண்டும். கிட்டங்கியில் இருப்பவருக்கு விற்பனை வேண்டும். எந்த விலைக்குக் கொடுப்பது, வாடிக்கைக்காரர் திருப்பிக் கொண்டுவந்த மூட்டை யார் கணக்கில் ஏறுவது என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கும்படி ஆகும். இது மனக்கசப்பால் வருகிற பிரிவினை. ஒரு சண்டையும் இல்லாத கடைக்கு வெளியாள் ஒருவர் வந்து, "நீங்கள் இரண்டாகப் பிரிந்தால் உங்கள் சொத்தின் மதிப்பு இரண்டு மடங்காகும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் பெரிய துணிக்கடைகளிடம் 2021-ம் ஆண்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

சொன்னவர்கள் பங்கு முதலீட்டாளர்கள். கடையின் இணைய விற்பனையைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட வேண்டும், பிரித்தால் பங்கு விலை ஏறும் என்பது அவர்கள் யோசனை. சில கடைகள் மறுத்தன. முன்னதாகவே பிரித்துவிட்ட கடை ஒன்று, ஐந்து ஆண்டுக்குள் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே கடன் வரவேண்டியோர் பட்டியலில் முன்வரிசையில் நின்றவர்கள் சரக்குக் கொடுத்தவர்கள். துணிக்கடைக் கதைதானே, மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். பெரிய நிறுவனங்களுக்குத் தவணைக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரி எவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று கருதியே இதை விரிவாக எழுதுகிறோம்.

பாதி, முழுசைவிடப் பெரிதான கணக்கு

மேசிஸ் என்பது நியூயார்க் நகரில் 1858-ல் தொடங்கிய கடை. துணிமணி, பாத்திரம், வாசனைத் திரவியம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் பல்பொருள் கடை. நாடு முழுவதும் கிளைகள். 2020 மார்ச்சில் கொரோனாவால் கிளைகள் எல்லாம் கதவடைத்தபோது இணையத்தில் வந்த ஆர்டர்தான் கம்பெனியைத் தாங்கியது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜானா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், மேசிஸின் பங்குகளை வாங்கிக்கொண்டு, 2021 அக்டோபரில் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதியது. இணைய வியாபாரத்தை மட்டும் தனியே பிரித்தால் அது 1,400 கோடி டாலர் பெறும் என்றது. அன்றைக்குப் பங்குச் சந்தையில் மேசிஸ் கம்பெனி முழுவதன் மதிப்பு சுமார் 700 கோடி டாலர்தான்.

முழுக் கடை 7 ரூபாய், அதில் ஒரு பாகம் மட்டும் 14 ரூபாய் என்பது எப்படி? நம் அளவில் ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரூபாய். செலவு போக லாபம் 5 லட்சம். கடையை விலைபேச வருகிறவர் லாபத்தைப் போல் 8 மடங்கு தருவதாகச் சொன்னால் 40 லட்சம். இனி அந்த 1 கோடி விற்றுமுதலில் 40 லட்சம் இணையத்தின் வழியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையக் கம்பெனிகளைச் சந்தை அந்த நாட்களில் லாபத்தை வைத்து எடைபோடவில்லை. விற்பனை என்ன வேகத்தில் வளர்கிறது என்று பார்த்து, விற்றுமுதலைப் போல் இத்தனை மடங்கு என்று விலை வைத்தது. 2 மடங்கு என்றாலே அந்த இணையப் பாகம் 80 லட்சம் பெறும். கடை முழுவதும் 40 லட்சம், அதில் ஒரு பாகம் 80 லட்சம்! கிட்டங்கியில் ஒரு மூட்டைகூட அதிகமாக வந்து இறங்கவில்லை. தராசு மட்டும் மாறியிருக்கிறது.

முதலீட்டாளர் தரப்பில் வேறு நியாயங்களும் இருந்தன. அவற்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய கடையின் பெயரில் புது முதல் திரட்டுவது கடினம். இணையக் கம்பெனி என்றால் பணம் தேடி வரும். மென்பொருள் தெரிந்த நல்ல ஆட்களைச் சம்பளத்தோடு பங்கும் கொடுத்து இழுக்க முடியும். பழைய கடையின் நஷ்டத்தை அடைக்கவே இணையத்தில் வந்த லாபம் கரைந்து போகாமல் காக்கலாம். இவை எல்லாம் கேட்க நன்றாகவே இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்து, 2021 டிசம்பரில், கோல்ஸ் என்ற இன்னொரு கடைத்தொடருக்கும் எஞ்சின் கேபிடல் என்ற நிறுவனம் இதே பாட்டைப் பாடியது. கையில் வைத்திருந்தது கோல்ஸ் பங்கில் நூற்றுக்கு ஒன்று அளவு. சொன்ன மதிப்பு 1,240 கோடி டாலர்.

பேச்சுக்கே சந்தை ஆடியது. நவம்பரில், தங்கள் ஆண்டின் மூன்றாம் காலாண்டுக் கணக்கை வெளியிட்ட மேசிஸ், பிரிப்பதைப் பற்றி ஆராய ஆலோசகர்களை அமர்த்தியிருப்பதாகவும் சொன்னது. கணக்கும் நன்றாக இருந்தது, பிரிவினைப் பேச்சும் சேர்ந்தது. பங்கு விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

முன்னோடியாக இருந்த கடை

ஜானா கடிதத்தில் சொன்ன யோசனைக்கு முன்மாதிரி இருந்தது. சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ என்ற ஆடம்பரக் கடை. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 1924-ல் திறந்த பெரிய கட்டடம்தான் அதன் முகம். கனடாவின் ஹட்சன்ஸ் பே கம்பெனி இந்தக் கடைத்தொடரை 2013-ல் கடன் உட்பட 290 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே நியூயார்க் கட்டடத்தை மட்டும் மதிப்புப் போட்டபோது 370 கோடி டாலர் என்று வந்தது. அதை வைத்து 125 கோடி டாலர் அடமானக் கடனும் வாங்கினார்கள். கடையைவிடக் கட்டடம் விலைபோகும் கதை நம் ஊர் ரத வீதிகளிலும் கேட்டதுதான். இந்த வாங்கலை நடத்திய ரிச்சர்ட் பேக்கர், மனை வியாபாரத்தில் இருந்து வந்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

2021 மார்ச்சில் சாக்ஸின் இணையக் கடை தனிக் கம்பெனி ஆனது. இன்சைட் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 50 கோடி டாலர் போட்டது. இணையக் கம்பெனியின் மதிப்பு 200 கோடி டாலர் என்று எழுதிக்கொண்டார்கள். 40 கடைகளும் வேறு கம்பெனியாகி ஹட்சன்ஸ் பேயின் கையிலேயே இருந்தன. என்ன சரக்கு வைப்பது, எப்படி விளம்பரம் செய்வது என்பதில் இணையக் கம்பெனி வழிகாட்டும். இணையத்தில் வாங்கியதைக் கடையில் பெற்றுக்கொள்வது, திருப்பித் தருவது, அளவு தைத்துக் கொடுப்பது எல்லாம் கடைகளில் நடக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்று சொன்னார்கள். பெயரும் ஒன்று, சரக்கும் ஒன்று, பேரேடு மட்டும் இரண்டு.

அதே ஆண்டில் தங்கள் தள்ளுபடிக் கடைத்தொடரையும் இப்படியே பிரித்து, இணையப் பாகத்துக்கு 100 கோடி டாலர் மதிப்பு வைத்தார்கள். கனடாவில் இருந்த ஹட்சன்ஸ் பே கடைகளும் பிரிந்தன. சாக்ஸின் இணையக் கம்பெனியை 600 கோடி டாலர் மதிப்பில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று அக்டோபரில் செய்தி வந்தது. மார்ச்சில் 200, அக்டோபரில் 600. ஜானா கடிதம் எழுதியதும் அதே மாதம்தான்.

ஒரு சட்டை எந்தக் கணக்கில்?

முதலீட்டாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ணக்கூடாது. வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது வியாபாரி கேட்கிற கேள்வி. ஓர் அம்மாள் இணையத்தில் சட்டை ஒன்றை ஆர்டர் செய்கிறார். அந்தச் சட்டை பக்கத்து ஊர்க் கிளையின் அலமாரியிலிருந்து எடுத்து அனுப்பப்படுகிறது. அளவு சரியில்லை என்று அதைக் கடையில் கொண்டுவந்து கொடுக்கிறார். கடைச் சிப்பந்தி வாங்கிவைத்து, வேறு அளவு எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு பெல்ட்டும் விற்றுவிடுகிறார். இப்போது சட்டையின் லாபம் யாருக்கு? திரும்பிவந்த சட்டையின் நஷ்டம் யாருக்கு? சிப்பந்தியின் சம்பளமும் கடை வாடகையும் எந்தப் பேரேட்டில்? பெல்ட் விற்றது கடையின் சாமர்த்தியமா, அம்மாளைக் கடைக்கு வரவழைத்த இணையத்தின் சாமர்த்தியமா?

இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தவரை இந்தக் கேள்விக்கு அவசரமில்லை. எந்தப் பையில் போட்டாலும் ஒரே வேட்டி. தனித்தனி முதலீட்டாளர்கள் வந்தபிறகு ஒவ்வொரு சட்டைக்கும் ஒப்பந்தம் வேண்டும், கட்டணம் வேண்டும், அதைச் சரிபார்க்கக் கணக்கர்கள் வேண்டும். இணையப் பாகம் கொழுத்துத் தெரிவதற்குக் காரணமே, அதன் செலவில் ஒரு பகுதியைக் கடை சுமப்பதுதான் என்பது இவர்கள் வாதம். கடைக்கு உரிய கட்டணத்தை முறையாக வசூலித்தால் இணையத்தின் லாபம் இளைத்துவிடும். வசூலிக்காவிட்டால் கடை இளைத்துவிடும். எங்கள் பார்வையில் இந்த விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மற்றவை எல்லாம் சந்தைப் பேச்சு.

மேசிஸ் ஆராய்ந்து பார்த்து, 2022 பிப்ரவரியில் பிரிப்பதில்லை என்று அறிவித்தது. பிரிக்கும் செலவு, பிரித்தபின் ஆண்டுதோறும் வரும் இரட்டைச் செலவு, நடைமுறையில் உள்ள ஆபத்து ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. கோல்ஸும் பிரிக்கவில்லை. பிரிக்காததால் இவை செழித்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. மேசிஸ் சுமார் 150 கிளைகளை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தது. ஆனால் கடையையும் இணையத்தையும் ஒரே கல்லாவில் வைத்துக்கொண்டுதான் தன் கஷ்டத்தைப் பார்த்தது.

இதற்குள் தராசும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. 2022-ல் வட்டி விகிதம் ஏற ஏற, லாபமில்லாத இணையக் கம்பெனிகளின் மடங்குக் கணக்கு சரிந்தது. ஆடம்பரப் பொருள்களை இணையத்தில் மட்டும் விற்ற ஃபார்ஃபெட்ச் 2021-ன் தொடக்கத்தில் 2,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புப் பெற்றிருந்தது. 2023 டிசம்பரில் மூழ்கும் நிலையில் இருந்த அதை, தென்கொரியாவின் கூபாங் 50 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட வேண்டியதாயிற்று. சாக்ஸ் இணையக் கம்பெனி சந்தைக்கு வரவே இல்லை.

இருபது ஆண்டுக்கு முன் ஆடிய கூத்து

இந்த யோசனை 2021-ல் பிறந்ததும் அல்ல. பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற அமெரிக்கப் புத்தகக் கடைத்தொடர், அமேசானைச் சமாளிக்க 1997-ல் இணையக் கடை தொடங்கியது. மறு ஆண்டே அதில் பாதியை ஜெர்மனியின் பெர்டல்ஸ்மான் நிறுவனத்துக்கு 20 கோடி டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. 1999 மே மாதம் இணையக் கடை தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு ஒன்று 18 டாலர். 2003-ல் பெர்டல்ஸ்மான் விலகியபோது அதன் பங்குகளைத் தாய்க் கடை வாங்கிய விலை 2 டாலர் 80 செண்ட். 2004-ல் மீதிப் பங்குதாரர்களுக்கும் 3 டாலர் 5 செண்ட் வீதம் கொடுத்து இணையக் கடையைத் தாய்க் கடை தன்னோடு சேர்த்துக்கொண்டது.

வால்மார்ட்டும் 2000 ஜனவரியில் ஆக்செல் பார்ட்னர்ஸோடு சேர்ந்து இணையக் கடையைத் தனிக் கம்பெனி ஆக்கியது. 2001-ல் திரும்ப வாங்கிக்கொண்டது. கேமார்ட்டும் 'புளூலைட்' என்ற பெயரில் அதையே செய்து, அதே 2001-ல் திரும்ப வாங்கி, 2002 ஜனவரியில் திவால் மனுவும் கொடுத்தது.

அந்தக் காலத்துப் பிரிவினைக்குப் பங்கு விலையைத் தவிர வரிக் காரணமும் ஒன்று இருந்தது. நம் வாசகர்களுக்கு இது சுவைக்கும். அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் கடையோ கிட்டங்கியோ ஆளோ இல்லாத வியாபாரியை, அங்கே தபாலில் அனுப்பும் சரக்குக்கு வரி வசூலித்துக் கட்டச் சொல்ல முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குவில் வழக்கில் 1992-ல் தீர்ப்பளித்திருந்தது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் புத்தகக் கடை தன் பெயரிலேயே இணையத்தில் விற்றால் எல்லா ஊரிலும் வரி சேர்த்து விற்க வேண்டும். இணையக் கடை வேறு கம்பெனி என்றால், "எங்களுக்கு இந்த மாநிலத்தில் கடை கிடையாது" என்று சொல்லி வரியில்லாமல் விற்கலாம். விலையில் அமேசானோடு போட்டி போடலாம்.

இதில் ஒரு சிக்கல். வேறு கம்பெனி என்று சொல்லிவிட்டு, இணையத்தில் விற்ற புத்தகத்தைக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா? பார்டர்ஸ் என்ற இன்னொரு புத்தகக் கடை வாங்கிக்கொண்டது. கலிபோர்னியா வரித்துறை விடவில்லை. உங்கள் சரக்கைத் திருப்பி வாங்க இங்கே ஆள் இருக்கிறதென்றால் நீங்களும் இங்கே இருக்கிறீர்கள் என்று 1,67,000 டாலருக்கு மேல் வரி போட்டது. 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வரியை மிச்சம் பிடித்தால் வாடிக்கையாளருக்கு வசதி போகும். வசதி கொடுத்தால் வரி வரும். 2018-ல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே மாற்றிவிட்டது. கடை இல்லாத மாநிலத்திலும் வரி உண்டு என்றாயிற்று. ஆகவே 2021-ல் பிரித்தவர்களுக்கு இந்த வரி மிச்சமும் கிடையாது. பங்கு விலை ஒன்றுதான் மிச்சம்.

கடன் கொடுத்தவர் கண்ணில்

இதுவரை சொன்னது பங்கு வைத்திருப்பவரின் பார்வை. கடையில் பணம் போட்டவர்களில் இன்னொரு சாரார் கடன் பத்திரம் வாங்கியவர்கள். அவர்கள் இந்தப் பிரிவினையைப் பார்க்கும் கண்ணே வேறு. தோப்பும் வீடும் சேர்த்து ஜாமீன் என்று நம்பிக் கடன் கொடுத்திருக்க, தோப்பை மட்டும் மகன் பெயருக்கு மாற்றிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு எப்படி இருக்கும்?

நீமன் மார்கஸ் கடையில் இது நடந்தது. டெக்சாஸில் தொடங்கிய ஆடம்பரக் கடைத்தொடர் அது. ஜெர்மனியின் மைதெரேசா என்ற இணையக் கடையை 2014-ல் வாங்கியிருந்தது. கடை கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, நன்றாக வளர்ந்துகொண்டிருந்த மைதெரேசாவை 2018 செப்டம்பரில் மேலே இருந்த தாய்க் கம்பெனிக்கு மாற்றினார்கள். கடன்காரர் கைக்கு எட்டாத இடம் அது. வழக்குகள் வந்தன. 2020 மே மாதம் நீமன் மார்கஸ் திவால் மனு கொடுத்தது. பேரம் பேசி, மைதெரேசா சார்ந்த பங்குகளில் ஒரு பகுதியை ஜாமீன் இல்லாத கடன்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். சரக்குக் கொடுத்தவர்களும் அந்த வகையில்தான் வருவார்கள். 2021 ஜனவரியில் மைதெரேசா நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு 26 டாலருக்கு வந்து சுமார் 40 கோடி டாலர் திரட்டியது. சாக்ஸ் பிரிவினை அறிவிப்பு வந்தது அதற்கு இரண்டே மாதத்தில்.

90 நாள் தவணை

பிரித்த சாக்ஸ் மறுபடி ஒன்று சேர்ந்தது. 2024 டிசம்பரில் ஹட்சன்ஸ் பே நிறுவனம் அதே நீமன் மார்கஸை சுமார் 270 கோடி டாலருக்கு வாங்கி, சாக்ஸ் கடைகள், சாக்ஸ் இணையம், நீமன் மார்கஸ் எல்லாவற்றையும் சாக்ஸ் குளோபல் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அமேசானும் பணம் போட்டது. கூடவே 220 கோடி டாலர் கடன் பத்திரம் வேறு.

இதற்குள்ளேயே சரக்குக் கொடுத்தவர்களின் பில்கள் தேங்கிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் சாக்ஸ் குளோபல் தன் வியாபாரிகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. இனிமேல் சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் பணம். பழைய பாக்கி 12 மாதத் தவணையில், அதுவும் ஜூலையில் தொடங்கி. அறிவிப்பைப் படித்த சிறிய தையல் நிறுவனங்களின் நிலையை நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. துணி வாங்கிய இடத்தில் ரொக்கம் கேட்பான். தைத்தவருக்கு வாரச் சம்பளம். பெரிய கடை மட்டும் மூன்று மாதம் கழித்துக் கொடுப்பேன் என்றால் இடையில் ஓடும் வட்டி யார் தலையில்? சிலர் சரக்கை நிறுத்தினார்கள். சரக்கு நின்றதும் கடையில் அலமாரி காலியாகத் தெரிந்தது. அலமாரி காலியானால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். விற்பனை குறைந்தால் பாக்கி கொடுப்பது இன்னும் தள்ளிப்போகும். இந்தச் சுழலில் மாட்டிய கடை மேலேறி வருவது அபூர்வம்.

கனடாவில் 1670-ல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே, 2025 மார்ச்சில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு ஜூன் 1-ம் தேதியோடு அதன் கடைகள் எல்லாம் மூடின. சாக்ஸ் குளோபல் 2025 டிசம்பர் முடிவில் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட வட்டித் தவணையைக் கட்டத் தவறி, 2026 ஜனவரியில் டெக்சாஸ் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. ஜாமீன் இல்லாத கடன்காரர் பட்டியலில் முதல் பெயர் ஷனேல். வரவேண்டிய பாக்கி சுமார் 13 கோடியே 60 லட்சம் டாலர். தான் போட்ட 47 கோடியே 50 லட்சம் டாலர் காற்றில் போனது என்று அமேசானும் நீதிமன்றத்தில் முறையிட்டது. ஷனேலுக்கும் அமேசானுக்கும் இது தாங்கும். பட்டியலின் கீழே பல்லாயிரக் கணக்கில் இருந்த சிறியவர்களுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

2021-ல் பிரித்ததால்தான் சாக்ஸ் மூழ்கியது என்று தீர்ப்பு எழுத நாம் முன்வரவில்லை. மூழ்கடித்தது கடன் என்பதே நம் கருத்து. ஆனால் 200 கோடி, 600 கோடி என்று காகிதத்தில் மதிப்பு ஏறிய அந்த மாதங்களில், கிட்டங்கிக்கு வந்த சரக்கின் பில் எப்போது தீரும் என்று முதலீட்டாளர் கூட்டத்தில் பேசியவர் அரிது. மதிப்பு ஏறியது ஒரு பக்கம், பாக்கி ஏறியது ஒரு பக்கம்.

நம் பக்கம் கவனிக்க

அமெரிக்கத் திவால் சட்டத்தில் சரக்குக் கொடுத்தவருக்குச் சிறிய சலுகை ஒன்று உண்டு. மனு கொடுத்த தேதிக்கு முந்தைய 20 நாளுக்குள் வந்து சேர்ந்த சரக்கின் விலைக்கு முன்னுரிமை. அதற்கு முந்தைய பில்கள் எல்லாம் பொதுக் கும்பலில் சேரும். கமிஷனுக்கு வைத்த சரக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு என்னுடையது" என்று சொல்லி வைத்தது போதாது. அதை அரசுப் பதிவில் முறைப்படி பதிந்திருக்க வேண்டும். தவறினால் அந்தச் சரக்கு கடையின் சொத்தாகவே கருதப்பட்டு மற்ற கடன்காரர்களுக்குப் போகக்கூடும்.

நம் நாட்டில் 2016-ல் திவால் சட்டம் வந்தபோது, 1 லட்சம் ரூபாய் பாக்கி இருந்தாலே சரக்குக் கொடுத்தவர் கம்பெனி மீது மனுப்போடலாம் என்றிருந்தது. 2020 மார்ச்சில் அந்த வரம்பை 1 கோடி ஆக்கினார்கள். 2006-ம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. 2021 ஜூலையில் வியாபாரிகளையும் அந்தப் பதிவில் சேர்த்தபோது, முன்னுரிமை வங்கிக் கடனுக்கு மட்டும் என்று வரையறுத்தே சேர்த்தார்கள். உற்பத்தி செய்பவருக்குக் கிடைத்த 45 நாள் காப்பு, வாங்கி விற்கும் நமக்கு அதில் வரவில்லை. சங்கங்கள் இதை இன்னும் உரக்கக் கேட்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்பும் அன்பர்கள், அந்த நிறுவனம் தன் இணைய விற்பனையையோ கிட்டங்கியையோ வேறு கம்பெனி ஆக்குகிறது என்று செய்தி வந்த அன்றே பழைய ஆர்டர் தாள்களை எடுத்துப் பார்க்கவும். ஆர்டர் கொடுத்தது எந்தக் கம்பெனி, சரக்கை இறக்கிக் கையெழுத்துப் போட்டது எந்தக் கம்பெனி, பணம் வருவது யார் வங்கிக் கணக்கிலிருந்து என்று மூன்றையும் ஒத்துப் பார்க்கவும். பில்லில் எழுதியிருக்கும் ஜி.எஸ்.டி. எண் யாருடையது என்றும் பார்க்கவும். பெயர்கள் வேறுபட்டால், பழைய பாக்கிக்கு எந்தக் கம்பெனி பொறுப்பு என்று கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அடுத்த லோடை ஏற்றவும்.